நாலு மாசம் ஆயிருச்சு, இனிமே இன்சூரன்ஸ் கிடைக்குமா?

3 ஜூன் 2025 – கேள்வி

நான் தங்கச்சிமடம். நாலாம் மாசம் நடக்குது. வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர், மீன்பிடித் தடைக்காலம்கிறதால வீட்டில்தான் இருக்கார். ராமநாதபுரத்திலிருந்து ஒரு ஏஜென்ட் வந்தார். வருஷத்துக்குப் பதினாலாயிரம் கட்டினால் பிரசவச் செலவு முழுக்கக் கம்பெனியே பார்த்துக்கும், ஃபாரத்தில் மாசமா இருக்கேன்னு மட்டும் எழுதாதீங்கன்னு சொல்றார். கட்டலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

3 ஜூன், இரவு

கட்ட வேண்டாம். காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன். உச்சிப்புளியில் எங்கள் இ-சேவைக் கடையில் சான்றிதழுக்கு வந்தவர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அந்த ஆளிடம் ஆதார் நகலையும் கையெழுத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

4 ஜூன் 2025

சரி, இப்போது விவரமாக.

நம் நாட்டில் தனியாக எடுக்கிற ஹெல்த் பாலிசி எதைப் பிரித்தாலும், விலக்குகள் பக்கத்தில் மகப்பேறு என்று ஒரு பத்தி இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வாசகமாக எழுதிக் கொடுத்தது. அதற்கு எண் 18. பிரசவம், சிக்கலான பிரசவம், சிசேரியன், கருச்சிதைவு, சட்டப்படி செய்கிற கருக்கலைப்பு எல்லாம் அதில் அடங்கிவிடும். விபத்தில் கரு கலைந்தாலும், கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கினாலும் மட்டும் அந்த விலக்கைக் காட்டி மறுக்க முடியாது.

இந்த விலக்கை எடுத்துவிட்டு மகப்பேறுக்கும் பணம் தருகிற பாலிசிகள் உண்டு. ஆனால் வெயிட்டிங் பீரியட், அதாவது இத்தனை காலம் கழித்துத்தான் கிளெய்ம் என்று போட்டுத்தான் தருவார்கள். ஒன்றிரண்டில் ஒன்பது மாசம், பெரும்பாலும் ரெண்டு வருஷம், மூணு வருஷம். நாலு வருஷம் போட்டதையும் பார்த்திருக்கிறேன். மிகக் குறைந்த காத்திருப்பே ஏன் சரியாக ஒன்பது மாசம் என்று பிள்ளை பெற்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு மிச்சம் ஐந்து மாசம்தான். நீங்கள் ஃபாரத்தில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இந்தப் பிரசவத்துக்கு அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாய் வராது. அப்புறம் எதற்கு எழுத வேண்டாம் என்கிறார்? எழுதினால் கம்பெனி பாலிசியே தராது, அவருக்குக் கமிஷனும் வராது. அதற்குத்தான்.

இரண்டாவது பையன் வயிற்றில் இருக்கும்போது நானும் இதே மாதிரி பாலிசி தேடினேன். உண்மையைச் சொல்லி ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தேன். பிரசவம் முடிந்து வாருங்கள், அப்போது பரிசீலிக்கிறோம் என்று மெயில் வந்தது. அன்றைக்குக் கோபம். இப்போது யோசித்தால், எனக்குக் கிடைத்ததில் நேர்மையான பதில் அதுதான்.

ஃபாரத்தில் பெண்களுக்கு என்று தனியாகக் கேள்வி இருக்கும்: இப்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா, எத்தனை வாரம். அதில் இல்லை என்று போட்டால், போவது பிரசவ கிளெய்ம் மட்டும் இல்லை. மறைத்தது தெரிந்தால் பாலிசியையே ரத்து செய்வார்கள், கட்டிய பணமும் திரும்பாது. அதற்கப்புறம் வேறு கம்பெனிக்குப் போனால், உங்கள் பாலிசி இதற்கு முன் ரத்தானது உண்டா என்று அங்கேயும் ஒரு கேள்வி இருக்கும்.

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். ஏஜென்ட் கேட்பது 14,000. அதையும் நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5 ஜூன் 2025

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டாமல் விட்டால் கம்பெனிக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அய்யா, டிஸ்சார்ஜ் தாளில் முதல் நாலு வரிக்குள் கடைசி மாதவிலக்குத் தேதி இருக்கும். பாலிசி எடுத்த தேதி அதற்கு நாலு மாசம் பின்னால் இருந்தால் கணக்கர் தேவையில்லை, காலண்டர் போதும்.

7 ஜூன் 2025

தொண்டித் தம்பிக்கு: அறுபது மாசம் பாலிசி ஓடிவிட்டால், மறைத்தாய் என்று கம்பெனி எதையும் கேட்க முடியாது என்று நீங்கள் சொல்வது பாதி சரி. முன்பு எட்டு வருஷமாக இருந்ததை 2024இல் ஐந்தாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்பையும் அதே சமயம் நாலு வருஷத்திலிருந்து மூணு வருஷமாகக் குறைத்தார்கள். ஆனால் ஐந்து வருஷம் கழித்தும் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதைவிட முக்கியம், தங்கச்சியின் பிள்ளை அறுபது மாசம் காத்திருக்காது. அதற்குள் பால்வாடி போய்விடும்.

8 ஜூன் 2025

கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா தனியாக எழுதியிருந்தார். மருமகளுக்கு ஏழாம் மாசம். மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பி, போன வாரம்தான் பாலிசி எடுத்தார்களாம். இங்கே நடக்கிற பேச்சைப் படித்துவிட்டுப் பயந்துபோய்க் கேட்கிறார். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார், பதிலை மட்டும் எல்லோருக்கும் பொதுவாகப் போடுகிறேன்.

பாலிசித் தாள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பிவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கிளெய்ம் எதுவும் போட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஓடிய நாட்களுக்கான பங்கு, முத்திரைத் தீர்வை, மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அந்தச் செலவு, இவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஏஜென்டிடம் வாயால் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். அவர் சொல்கிறேன் சொல்கிறேன் என்று முப்பது நாளை ஓட்டிவிடுவார். கம்பெனிக்கே மெயில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி இழுத்தடித்தால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தில் புகார். ஒரு மாசத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

8 ஜூன், மறுபடியும்

ஏஜென்ட் வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்று அதே லாத்தா. சண்டைக்கு வருகிற ஏஜென்டை நான் பார்த்ததில்லை. போனை எடுக்காத ஏஜென்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

11 ஜூன் 2025

தங்கச்சி கேட்டதற்கு இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாசமான பிறகும் திறந்திருக்கிற கதவு எது என்று பார்ப்போம்.

ஒன்று, வேலை செய்கிற இடத்துக் குரூப் பாலிசி. கணவரோ மனைவியோ பெரிய கம்பெனியில் சேர்ந்தால், பல இடங்களில் மகப்பேறுக்கான ஒன்பது மாசக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்து, சேர்ந்த நாளிலிருந்தே தருகிறார்கள். என் நாத்தனார் அப்படித்தான் தப்பித்தாள். ஆறாம் மாசத்தில் இருக்கும்போது அவள் கணவருக்குச் சென்னையில் வேலை மாறியது. புதுக் கம்பெனிப் பாலிசியில் பெயர் சேர்த்துப் பிரசவம் பார்த்தார்கள். ஆனால் உச்சவரம்பு ஐம்பதாயிரம். ஆஸ்பத்திரி பில் அதைத் தாண்டியது, மீதி கைக்காசு. சேர்ந்த உடனே ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் மனைவி பெயரைக் கொடுக்க வேண்டும். விட்டால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டும். விசைப்படகுக்கு எச்.ஆர். கிடையாது என்று தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று இ.எஸ்.ஐ., தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. மண்டபம் பக்கம் இறால் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாசச் சம்பளம் 21,000க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், மருத்துவ வசதி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு, கர்ப்பமாகச் சேர்ந்தாலும். உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம்தான், கம்பெனி 3.25 போடுகிறது. பிரசவ விடுப்புச் சம்பளம் வேறு கணக்கு: முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஆறு மாசம் ஒரு காலம்) 70 நாளாவது பங்களிப்புக் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தால் முதல் இரண்டு பிள்ளைக்கு 26 வாரம் முழுச் சம்பளம். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்ப்பவர்கள், பிடித்த காசு உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று இணையத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பிடித்துக்கொண்டு கட்டாத ஆட்களைக் கடையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்திருக்கிறேன்.

மூன்றாவது அரசு. அதை எழுத ஒரு முழு நாள் வேண்டும்.

15 ஜூன் 2025

நேற்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்தது. தங்கச்சியின் வீட்டுக்காரர் ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறார், சந்தோஷம். கூடவே, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறார்.

எடுங்கள், கட்டாயம் எடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. வயது வரம்பு இல்லை, ஏற்கெனவே நோய் இருக்கிறதா என்று கேட்டுக் கழிப்பதும் இல்லை. ஆனால் அது பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கான திட்டம். உங்களுக்குச் செய்யப்போவது பட்டியலில் இருக்கிறதா, அந்த ஆஸ்பத்திரி அங்கீகாரம் பெற்றதா என்பதை அங்கே உள்ள காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அட்டை இருக்கிறது, தனியார் ஆஸ்பத்திரியில் சும்மா பிரசவம் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிற இடம் வேறு. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கும், பெண்ணின் பெயர் இன்னும் அம்மா வீட்டு ரேஷன் கார்டில் இருக்கும். அங்கிருந்து நீக்கி, புகுந்த வீட்டுக் கார்டில் சேர்த்து, அப்புறம் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, அதன் பிறகு கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்தில் போட்டோ. ஒவ்வொன்றும் சுலபம்தான், வரிசையாக நடக்கிறதால் நாள் எடுக்கும். வலி வந்த பிறகு ரேஷன் கார்டில் பெயர் நீக்க முடியாது. மாமியார் ஒருவர் மருமகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்து, பத்து நிமிஷத்தில் பெயர் சேர்த்துக் கொடும்மா என்றார். எனக்கு அழுகை வந்தது, அவருக்குக் கோபம் வந்தது.

18 ஜூன் 2025

அரசு ஆஸ்பத்திரி விஷயம். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ் என்று தேடுவது எதற்கு? பிரசவத்துக்குப் பணம் கட்ட முடியாமல் போய்விடுமோ என்ற பயம். அரசு ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வியே இல்லை. 2011லிருந்து இருக்கிற மத்திய அரசுத் திட்டப்படி அங்கே பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், பரிசோதனை எல்லாம் இலவசம். சுகப்பிரசவம் என்றால் மூணு நாள், ஆபரேஷன் என்றால் ஏழு நாள் சாப்பாடும் உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து விட வண்டியும் உண்டு. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு வயது வரை அதற்கும் இப்படித்தான். எந்தப் பாலிசி இதைத் தரும்? வெயிட்டிங் பீரியட் இல்லாத பாலிசி என்று கேட்கிறீர்களே, இதுதான் அது. ஃபாரம் கிடையாது, ஏஜென்ட் கிடையாது.

கிராம சுகாதார நர்சம்மாவிடம் கர்ப்பத்தைப் பதிந்து, பிக்மி என்கிற பதிவு நம்பரை வாங்கிவிட்டீர்களா? பிறப்பைப் பதியும்போது அந்த நம்பரைக் கேட்பார்கள். தமிழக அரசு தருகிற முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அதுதான் அடிப்படை. 18,000 ரூபாய், அதில் 14,000 வங்கிக் கணக்கில் தவணையாக வரும், மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும், வயது 19 நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். பணம் சொன்ன தேதிக்கு வராது. பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு தவணை வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வந்ததென்னவோ வந்தது. வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதார் இணைத்து இருக்கட்டும். பெயரில் ஒரு எழுத்து ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் வேறு மாதிரி இருந்தால் அங்கேயே நிற்கும்.

ஒவ்வொரு மாசமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கு என்றே டாக்டர் பார்ப்பார். கூட்டம்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தச்சோகை எல்லாம் அங்கே பிடிபட்டால், உங்களை ஆபத்துள்ள கர்ப்பம் என்று குறித்துக்கொண்டு எங்கே பிரசவம் பார்ப்பது என்று முன்பே முடிவு செய்வார்கள். நம் ராமேஸ்வரம் தீவுக்கு இது முக்கியம். தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கிட்ட, நடுவில் பாலம். அங்கேயும் முடியாது என்றால் மதுரை, அது இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். 2022 ஜனவரியில் கல்லூரி திறந்ததற்கு முன்னும் பின்னும் நிலைமையைப் பார்த்தவள் நான். டாக்டர்கள் எண்ணிக்கை கூடியது கண்ணுக்குத் தெரிகிறது.

என் முதல் பிரசவம் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். நகை அடகுக் கடைக்குப் போனது. இரண்டாவது பெரியாஸ்பத்திரியில். கவனிப்பில் குறை சொல்ல மாட்டேன். கழிப்பறையைப் பற்றிக் கேட்காதீர்கள். வார்டில் பேசுகிற தொனி சில சமயம் சுடும். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், பையன் பிறந்திருக்கிறான் என்று சொல்லிக் கை நீட்டினார்; என் மாமியார், பேரன்தான் பிறந்தான், எருமை மாடு இல்லை, சும்மா தள்ளுப்பா என்றார். அவர் இருந்ததால் நான் தப்பித்தேன். எல்லோருக்கும் அப்படி ஒரு மாமியார் அமையாது.

19 ஜூன் 2025

அரசு ஆஸ்பத்திரிக்கு விளம்பரம் செய்கிறேன் என்று ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். விளம்பரம் செய்கிறவள் கழிப்பறையைப் பற்றி எழுதுவாளா?

2 ஜூலை 2025

பெரியபட்டினத்துக்காரர் ஒருவர் வேறு கேள்வி கொண்டுவந்திருக்கிறார். அக்கா மகள் அமெரிக்காவில், டெக்சாஸில், மூணாம் மாசம். கணவர் பழைய வேலையை விட்டதால் இன்சூரன்ஸ் போய்விட்டது. அங்கேயும் நம் ஊர் மாதிரிதானா?

இல்லை, அங்கே சிக்கல் வேறு இடத்தில். 2014லிருந்து அங்கே எந்தக் கம்பெனியும் கர்ப்பத்தைக் காரணம் காட்டி முறையான பாலிசியை மறுக்க முடியாது, பிரீமியம் கூட்டவும் முடியாது. மகப்பேறு கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும், காத்திருப்பும் இல்லை. ஆனால் நினைத்த நாளில் சேர முடியாது. பாலிசி வாங்குகிற அரசுச் சந்தை நவம்பரில் திறந்து சில வாரங்களில் மூடும். மற்ற நாளில் சேர ஏதாவது காரணம் வேண்டும். கர்ப்பம் டெக்சாஸில் காரணமாகாது, பிள்ளை பிறந்தால்தான் காரணம். வேடிக்கையான சட்டம். நல்ல வேளை, வேலையோடு வந்த இன்சூரன்ஸ் போவதும் ஒரு காரணம்தான்; போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சேர்ந்துவிட வேண்டும். கணவர் புது வேலையில் சேர்ந்தால் அந்தக் கம்பெனிப் பாலிசியிலும் கர்ப்பத்தைப் பழைய நோய் என்று தள்ள முடியாது. அதற்கு 1996லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கிருந்து போகிறவர்கள் எடுக்கிற பயணிகள் இன்சூரன்ஸை மட்டும் நம்ப வேண்டாம், அதில் பிரசவம் பெரும்பாலும் இருக்காது. அந்த 60 நாளை எண்ணச் சொல்லுங்கள், இன்றைக்கே.

9 ஆகஸ்ட் 2025

கொஞ்ச நாளாக மனசில் ஓடுவது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே மகப்பேறு உள்ள பாலிசி எடுத்துவிட வேண்டும் என்று கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி அடித்துச் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் வந்த ஒரு கொட்டேஷனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மகப்பேறைச் சேர்த்தால் வருஷம் 9,000 கூடுதல், மூணு வருஷக் காத்திருப்பு, உச்சவரம்பு 40,000. மூணு வருஷத்தில் 27,000 கட்டி 40,000க்குத் தகுதி ஆகலாம், அதுவும் பிள்ளை அவர்கள் கணக்குக்குப் பொருந்தி வந்தால். நம் பக்கம் கல்யாணமாகி மூணு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? இரண்டாவது பிள்ளைக்குத்தான் உதவும்.

அதனால் இப்போது சொல்வது: மகப்பேறு சேர்க்காத சாதாரணப் பாலிசியைச் சீக்கிரம் எடுங்கள், 9,000ஐத் தனியாக அஞ்சலகத்தில் போடுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே கையில் பாலிசி இருந்தால், மாசமாக இருக்கும்போது டெங்கு வந்தாலும், கால் உடைந்தாலும், குடல்வால் வெடித்தாலும் அதற்குப் பணம் வரும். கர்ப்ப காலச் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று அட்மிட் ஆனால் அது மகப்பேறால் வந்தது என்று விலக்கில் தள்ளுவார்கள். அந்த எல்லைக்கோட்டில்தான் சண்டைகள் நடக்கின்றன.

குரூப் பாலிசி உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

10 ஆகஸ்ட் 2025

அஞ்சலகத்தில் போட்ட பணத்தை வீட்டுக்காரர் வலை வாங்க எடுத்துவிடுவார், பிரீமியமாகக் கட்டிவிட்டால் எடுக்க முடியாது என்று பாம்பன் மதினி எழுதியிருக்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் பெயரில் மட்டும் கணக்குத் தொடங்கிப் பாஸ்புக்கை அம்மா வீட்டில் வையுங்கள்.

23 செப்டம்பர் 2025

நேற்றிலிருந்து தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இதுவரை 18 சதவீதம். கம்பெனிகள் எடுக்கிற குரூப் பாலிசிக்கு இது கிடையாது. ஆகஸ்டில் நான் போட்ட கணக்கு கொஞ்சம் இளகும், முடிவு மாறாது. நேற்றே ஒரு ஏஜென்ட் கடைக்கு வந்து, வரி போய்விட்டது, இனி கர்ப்பிணிகளுக்கும் உண்டு என்று நோட்டீஸ் ஒட்டக் கேட்டார். முதல் பாதி உண்மை. நான் ஒட்டவில்லை.

26 அக்டோபர் 2025

தங்கச்சி மறுபடி வந்திருக்கிறார். எட்டு மாசம் முடியப்போகிறது. ரேஷன் கார்டு மாறிவிட்டது, காப்பீட்டு அட்டையும் கையில். சபாஷ். ரத்தம் குறைவாக இருந்து நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்களாம், குழந்தை இன்னும் குறுக்கே கிடக்கிறதாம். ராமநாதபுரத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. புயல் எச்சரிக்கை வந்தால் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி நர்சம்மா வருவார். நல்ல நாள் பார்த்துப் போகிறோம் என்று வீட்டில் யாராவது இழுத்தால் கேட்காதீர்கள். ராமநாதபுரத்திலோ பக்கத்திலோ சொந்தம் இருந்தால் கடைசிப் பத்து நாள் அங்கே போய்விடுங்கள். யாரும் இல்லை என்றால் உச்சிப்புளியில் நான் இருக்கிறேன், பாதி வழியாவது குறையும். உங்கள் ரத்த வகையில் இரண்டு பேரை இப்போதே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். படகுக்காரப் பையன்கள் கேட்டால் வருவார்கள், ஆனால் கடலுக்குப் போயிருந்தால் போன் எடுக்காது. கரையில் இருக்கிற ஆளாகப் பாருங்கள்.

கையில் கொஞ்சம் காசு வேண்டும், இலவசம் என்றாலும். கூட இருப்பவர் சாப்பாடு, ஆட்டோ, வெளியே எடுக்கச் சொன்னால் ஸ்கேன்.

19 நவம்பர் 2025

பெண் குழந்தை. சிசேரியன். இரண்டு கிலோ எழுநூறு. எங்களுக்கு ஆஸ்பத்திரியில் பில் என்று ஒன்றும் இல்லை, அலைச்சலுக்கும் சாப்பாட்டுக்கும்தான் செலவு என்று அவருடைய வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. நீல விளக்கில் வைத்திருக்கிறார்கள். பயப்படாதீர்கள், என் சின்னவனும் அந்த விளக்கில் கிடந்தவன்தான். இப்போது கடையில் பிரிண்டரில் விரலை விடுகிறான்.

ஜூனில் வந்த அந்த ஏஜென்ட் வாழ்த்துச் சொல்ல வந்தாராம். பிள்ளைக்கு ஒரு பாலிசி இருக்கிறது என்று சொன்னாராம்.

21 நவம்பர் 2025

அந்த ஏஜென்ட் சொன்னதில் இந்தத் தடவை கொஞ்சம் விஷயம் இருக்கிறது, அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். மகப்பேறு உள்ள பாலிசியில் பிறந்த பிள்ளைக்குப் பல இடங்களில் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. அது இல்லாத குடும்பப் பாலிசியில் பெரும்பாலும் 91ஆம் நாளிலிருந்துதான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். இடைப்பட்ட மூணு மாசத்தில் உடம்பு முடியாமல் போனால் முன்பு சொன்ன அரசு ஆஸ்பத்திரி வசதிதான், ஒரு வயது வரை. நீங்களும் இப்போது பிரசவம் முடிந்தவர். உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து விண்ணப்பிக்க இதுதான் சரியான நேரம். சிசேரியன் ஆனது, ரத்தச்சோகை, மஞ்சள் காமாலை எல்லாவற்றையும் எழுதுங்கள். அவரே ஃபாரம் பூர்த்தி செய்கிறேன் என்றால் வேண்டாம், நீங்களே எழுதுங்கள். பிறகு பிடித்துக்கொள்ளக் கம்பெனிக்கு எதுவும் இருக்கக் கூடாது.

அட்டை இருக்கும்போது தனிப் பாலிசி எதற்கு என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்வி. பட்டியலில் இல்லாத சிகிச்சைக்கும், வருமானம் ஏறி அட்டை போய்விட்டால் அன்றைக்கும் உதவும். இரண்டு வருஷம் மீன் நன்றாகப் பட்டால் வருமானச் சான்று மாறும்.

16 பிப்ரவரி 2026

தங்கச்சிக்கு. 91 நாள் வருகிறதே, பெயர் இன்னும் முடிவாகவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பிறப்புச் சான்றிதழைப் பெயர் இல்லாமலே வாங்கலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாசத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். ரேஷன் கார்டிலும் பாலிசியிலும் பெயர் வேண்டும். அதனால் உங்கள் மாமனாருக்கும் அப்பாவுக்கும் நடக்கிற பஞ்சாயத்தை இந்த வாரம் முடித்துவிட்டு வாருங்கள். எந்தப் பெயர் ஜெயித்தாலும் ஆதாரிலும் சான்றிதழிலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். வியாழக்கிழமை சர்வர் கொஞ்சம் நன்றாக ஓடும், காலையிலேயே வந்துவிடுங்கள்.